ஆட்டிசம் உள்ள பிள்ளைகள்: பல்லைப் பிடுங்கும் நாள்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மார்ச் 20 உலக வாய்நல நாள். ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். நடுவே இரண்டு வாரம்கூட இல்லை. முதல் நாளில் பள்ளிகளில் பிரஷும் பேஸ்ட்டும் கொடுத்துப் புகைப்படம் எடுக்கிறோம். அடுத்ததில் நீல விளக்குப் போடுகிறோம். வாயில் எது பட்டாலும் அலறுகிற, பேச்சு வராத ஆறு வயதுப் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடுவது எப்படி என்பது இந்த இரண்டு நாள்களிலும் பேச்சுக்கு வருவதில்லை. அதைத்தான் எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாதென்றால் கோரிக்கைகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்யும் முறையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

குமரி மாவட்டத்தில் பல் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தக்கலையிலும் குழித்துறையிலும் அரசு மருத்துவமனைகள், குலசேகரத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, எல்லை தாண்டினால் காவல்கிணறில் இன்னொன்று, மேற்கே திருவனந்தபுரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. நாகர்கோவிலில் தனியார் கிளினிக்குகளுக்குக் கணக்கில்லை. இத்தனை இருந்தும் ஆட்டிசம் உள்ள பிள்ளை பல் மருத்துவரை முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் கன்னம் வீங்கிய பிறகுதான். அந்த நிலையில் மருத்துவர் கையில் மிஞ்சுவது குறடு. நாலு பேர் அமுக்கிப் பிடிக்க ஒரு பல் பிடுங்கப்படுகிறது. அதன்பின் அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூடப் பிள்ளை மிதிக்காது. அடுத்த பல்லும் வீங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்கலாம். ஆட்டிசம் பல்லைச் சொத்தையாக்குவதில்லை. பல்லைச் சுற்றி நடக்கும் காரியங்கள்தான் சொத்தையாக்குகின்றன: சோற்றை விழுங்காமல் கன்னத்துக்குள் ஒதுக்கிவைக்கும் பழக்கம், நாலைந்து பண்டத்துக்கு மேல் தொடாத பிடிவாதம், ஐந்து வயதிலும் விடாத பால் புட்டி, சீனிப்பாகில் கலந்த மருந்து, பிரஷைக் கண்டால் ஓட்டம். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே போதும்.

சீனி விஷயத்தில் எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் கணக்கு. இனிப்பு வாய்க்குள் போகும் ஒவ்வொரு முறையும் பல்லில் ஒட்டிய கிருமிகள் அமிலம் சுரக்கும். அமிலம் கூடக் கூட இறங்கும் பி.எச். அளவு வாயில் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால், பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சமன்செய்ய அரைமணி நேரம் பிடிக்கும். சாப்பாட்டோடு ஒரு முந்திரிக்கொத்தைத் தின்று முடித்த பிள்ளைக்கு இந்தச் சுற்று ஒருமுறை. தெரபி வகுப்பில் சொன்னதைச் செய்ததற்கெல்லாம் ஒரு வண்ண மிட்டாய் வாங்கும் பிள்ளைக்கு, அந்த ஒரு மணி நேரமும் அதன் பிறகு அரைமணி நேரமும் பல் அமிலத்திலேயே ஊறுகிறது. பயிற்சியாளர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: பரிசு மிட்டாயாகத்தான் இருக்க வேண்டுமா? சோப்புக் குமிழி, பம்பரம், ஊஞ்சலில் பத்து ஆட்டம், பிடித்த வீடியோ அரை நிமிடம் என்று எத்தனையோ இருக்கின்றன. தின்பண்டம் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்ற பிள்ளைக்கு வெள்ளரித் துண்டு கொடுக்கலாம். நிலக்கடலையும் முந்திரிப் பருப்பும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

நம்மூரில் இன்னும் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. ஏத்தங்காய் சிப்ஸும் மரச்சீனிக் கிழங்கு சிப்ஸும் இனிப்பில்லை, அதனால் பல்லுக்குக் கேடில்லை என்பது ஒன்று. மென்ற மாவு கடைவாய்ப்பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும். எச்சில் அதைச் சர்க்கரையாக்கும். மிச்சத்தைக் கிருமி பார்த்துக்கொள்ளும். கருப்பட்டி நல்லது என்பது மற்றது. உடம்புக்கு எப்படியோ, பல்லில் இருக்கும் கிருமிக்குக் கருப்பட்டியும் வெள்ளைச் சீனியும் ஒன்றுதான். சுக்குக் காப்பியை நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிக்கவைப்பது தப்பு. இதற்காகப் பிள்ளை தின்னும் நாலு பண்டத்தில் இரண்டைப் பிடுங்கிவிடச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் பட்டினிதான் மிஞ்சும். சிப்ஸையும் பிஸ்கட்டையும் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து, ஒரு நாளில் நாலைந்து வேளைக்குள் அடக்குங்கள். முடிந்ததும் இரண்டு மடக்குத் தண்ணீர். பிறகு கன்னத்தின் உட்பக்கத்தில் ஒதுங்கிய சோறோ மட்டிப்பழமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஈரத்துணியால் வழித்தெடுங்கள்.

பால் புட்டியை ஒரே நாளில் ஒளித்துவைப்பவர்கள் தோற்றுப்போவார்கள். ருசியில் கடுகளவு மாறினாலும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பாலில் போடும் சீனியை வாரத்துக்குக் கால் கரண்டி குறையுங்கள். சீனி முழுக்க நின்றபின் இரவுப் புட்டியில் மட்டும் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள், வெறும் தண்ணீர் ஆகும்வரை. இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. வலிப்புக்கும் சளிக்கும் கொடுக்கும் சிரப்புகள் பலவும் இனிப்பானவை. சீனி சேராத சிரப்போ மாத்திரையோ உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இரவு மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பல் தேய்க்க வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

இனி பிரஷ். தேய்க்க விடுவதில்லை என்பது எல்லாப் பெற்றோரும் சொல்வது. ஏன் விடுவதில்லை என்பதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காரணத்துக்குக் காரணம் வைத்தியம் வேறு. பேஸ்ட் இல்லாமல் நனைத்த பிரஷை மட்டும் கொண்டுபோய்ப் பாருங்கள். அதற்கு வாய் திறந்தால் தொல்லை பேஸ்ட்டில் இருக்கிறது: புதினாவின் எரிச்சல், அல்லது நுரை. அதிகம் நுரைக்காத, புதினா இல்லாத பேஸ்ட்டுக்கு மாறுங்கள். விரலில் சுற்றிய துணியை ஏற்று பிரஷை மறுத்தால் குத்துவது நார். மிக மென்மையான நார் உள்ள, தலைப்பகுதி விரல்நுனி அளவே உள்ள பிரஷ் வேண்டும். முன்பல் வரை விட்டுக் கடைவாய்க்குப் போனால் ஓங்கரித்தால், தலையைச் சற்று முன்னால் குனியவைத்து, கடைவாயைக் கடைசியில் இரண்டு எண்ணிக்கைக்கு மட்டும் தொடுங்கள். குளியலறையில் மறுத்து வரவேற்பறையில் இணங்கும் பிள்ளைகள் உண்டு. எதிரொலியும் வழுக்கும் தரையும் பினாயில் வாடையும் அவர்களுக்கு ஆகாது. பல்லைக் குளியலறையில்தான் தேய்க்க வேண்டும் என்று சட்டமில்லை. நேற்றுவரை தேய்க்கவிட்ட பிள்ளை இன்று திடீரென மறுத்தால் அது பிடிவாதமில்லை. சொத்தை, வாய்ப்புண், முளைக்கும் பல் ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாயைத் தொடவே விடாத பிள்ளைக்கு வாயிலிருந்து தொடங்கக் கூடாது. உள்ளங்கையை அழுத்திப் பிடியுங்கள், பிறகு முழங்கை, தோள், தாடை, கன்னம், உதடு. பஞ்சுபோல் தொட்டால் கூசும். நிதானமான அழுத்தம்தான் பிடிக்கும். உதடு வரை பழகிய பிறகு பிரஷைக் கையில் கொடுத்து விளையாடவிட்டு, அதை உதட்டில் வைப்பது, ஒரு முன்பல்லைத் தொட்டு எடுப்பது, ஒன்று எண்ணும்வரை, ஐந்து எண்ணும்வரை, பத்து எண்ணும்வரை என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒரு படி தொடர்ந்து மூன்று நாள் அழுகையில்லாமல் நடந்தால்தான் அடுத்த படி. காய்ச்சல் வந்தாலோ ஊருக்குப் போய்வந்தாலோ இரண்டு படி சறுக்கும், மறுபடி அங்கிருந்து ஏறலாம். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பல் என்ன ஆவது என்று கேட்பீர்கள். நனைத்த துணியை விரலில் சுற்றி, எட்டுகிற பல்லைத் துடைத்துவிடுங்கள். விரலைப் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடாமல், கன்னத்தை ஒட்டியபடி நுழையுங்கள். கடி பட்டால் இழுக்காதீர்கள், கடி இறுகும்.

தேய்க்கும்போது உட்காரும் முறை பாதி வெற்றி. எதிரே நின்று தேய்த்தால் பிள்ளை பின்னால் சாயும், நீங்கள் துரத்துவீர்கள். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, நீங்கள் பின்னால் நாற்காலியில் அமர்ந்து, அதன் தலை உங்கள் வயிற்றிலோ மடியிலோ சாய்ந்திருக்கட்டும். இடது கையால் தாடையைத் தாங்கி, அதே கையின் ஒரு விரலால் உதட்டை விலக்குங்கள். எதிரே ஒரு கண்ணாடி இருந்தால் நடப்பது அதற்கும் தெரியும். பிரஷின் நார் ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 பாகைச் சாய்வில் பட வேண்டும். அங்கே சின்னச் சின்ன வட்டம். குறுக்கே அறுக்கும் தேய்ப்பு ஈறைக் கிழிக்கும். வாயை ஆறு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மேலே வலம், நடு, இடம், கீழே அதே மூன்று. ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கம், உட்பக்கம், கடிக்கும் பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் எட்டு எண்ணிக்கை, சத்தமாக எண்ணி. என்றைக்கும் ஒரே வரிசை, ஒரே எண்ணிக்கை, ஒரே ஆள். எப்போது முடியும் என்று தெரிந்த வேதனையை இந்தப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். முடிவு தெரியாததைத்தான் தாங்கமாட்டார்கள். அதனால் எட்டு என்று சொன்னால் எட்டில் நிறுத்துங்கள். வாய் திறந்திருக்கிறதே என்று பத்துக்குப் போனால் அந்த நம்பிக்கை போய்விடும்.

பிரஷைக் கடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இரண்டு பிரஷ். ஒன்றைக் கடவாயில் கடித்துக்கொண்டிருக்க விட்டு மறுபக்கத்தை மற்றதால் தேயுங்கள். பல்லின் மூன்று பக்கத்தையும் ஒரே இழுப்பில் சுற்றித் தேய்க்கும் மூன்றுபக்க பிரஷும் கிடைக்கிறது, நேரம் பாதியாகும். மின் பிரஷின் அதிர்வு சிலருக்கு மிகவும் பிடிக்கும், சிலரை வீட்டைவிட்டே ஓடவைக்கும். வாங்கும் முன் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் அதன் சத்தத்தையாவது கேட்கவைத்துப் பாருங்கள். நார் விரிந்த பிரஷையும் கடித்து நார் கழன்ற பிரஷையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எப்படியும் மூன்று மாதத்துக்கு ஒன்று.

பேஸ்ட் அளவு: மூன்று வயதுக்குள் ஓர் அரிசிமணி, அதற்குமேல் ஒரு பட்டாணி. விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது பேஸ்ட் கம்பெனிக்கு நல்லது. சொத்தையைத் தடுப்பது பேஸ்ட்டில் உள்ள ஃபுளூரைடு. அது எவ்வளவு என்று உறையின் பின்னால் சின்ன எழுத்தில் பி.பி.எம். என்று போட்டிருக்கும். 1000 பி.பி.எம். உள்ளது வேண்டும். கார்ட்டூன் படம் போட்ட குழந்தைப் பேஸ்ட்டுகளில் சில அதில் பாதிதான் கொண்டிருக்கும், சிலவற்றில் ஃபுளூரைடே இருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்து பல் கறைபட்ட செய்தியைப் படித்துவிட்டுச் சிலர் பேஸ்ட்டுக்கும் பயப்படுகிறார்கள். நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீர் வேறு, அரிசிமணி அளவுப் பேஸ்ட் வேறு. துப்பத் தெரியாத பிள்ளை அந்தச் சொற்ப அளவை விழுங்கினாலும் கேடில்லை. தேய்த்தபின் துணியால் துடைத்துவிட்டால் போதும். வாய் கொப்பளிக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளூரைடும் சேர்ந்து போய்விடும். ஆச்சிமார் விரலில் தொட்டுத் தேய்த்துவிடும் உமிக்கரியும் உப்பும் பல்லை வெளுப்பாகக் காட்டுவது எனாமலைச் சுரண்டித்தான். ஆனால் ஆச்சியின் விரலுக்கு வாய் திறக்கும் பிள்ளை என்றால் அந்த விரலை இழந்துவிடாதீர்கள். அதே விரலில் உமிக்கரிக்குப் பதிலாகப் பேஸ்ட்டைத் தடவிக் கொடுங்கள்.

காலை வேளை தவறினாலும் இரவு தவறக்கூடாது. தூக்கத்தில் எச்சில் குறையும், அமிலத்தைக் கழுவ ஆளிருக்காது. தூங்கப்போகும் நேரம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளையும் சோர்ந்திருக்கும், அம்மாவும் சோர்ந்திருப்பாள். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு தேய்த்துவிட்டு, அதன்பின் தண்ணீர் மட்டும்.

நாலு பேர் பிடித்து அமுக்கித் தேய்ப்பது பற்றி எங்கள் கருத்தைக் கேட்டால்: வேண்டாம். துள்ளும் வாயில் பிரஷ் ஈறில் குத்தும், ரத்தம் வரும், பிரஷ் என்றால் வலி என்று மனத்தில் பதியும். மறுநாள் ஐந்து பேர் தேவைப்படும். அதற்காகத் தேய்க்காமலே விட்டுவிடுவதும் பதிலாகாது. இரண்டு பல் தேய்க்க விட்டால் இன்று இரண்டு பல், ஆனால் தினமும்.

பேச்சு வராத பிள்ளை பல்வலியை எப்படிச் சொல்லும்? தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளும். கையைக் கடிக்கும். ஒரு பக்கமாக மெல்லும். பிடித்த குளிர்பானத்தைத் தள்ளிவிடும். நள்ளிரவில் எழுந்து அலறும். எச்சில் ஒழுகும். இதையெல்லாம் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதி, மனநல மருந்தின் அளவைக் கூட்டும் முன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். ஆறு வயதில் பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கும். விழுந்து முளைக்கப்போகும் பால்பல்தானே என்று நினைத்து அதைக் கெடவிடுகிறவர்கள் ஏராளம். அது வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல். காய்ச்சலோடு கன்னம் வீங்கினாலோ, வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

முதல் வருகைக்கு ஒரு வயதே சரியான வயது, வலி இல்லாத நாளே சரியான நாள். அன்று சிகிச்சை எதுவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையின் சொந்தப் பிரஷால் மருத்துவர் பல்லை எண்ணிவிட்டு அனுப்பினால் அன்றைய வேலை முடிந்தது. மருத்துவர் தோழர்கள் சில சின்ன ஏற்பாடுகள் செய்தால் போதும். காலையில் முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். காத்திருக்க வேண்டிவந்தால் வெளியே மரத்தடியிலோ ஆட்டோவிலோ இருக்கவிட்டு, முறை வந்ததும் போனில் அழையுங்கள். நாற்காலியைப் பிள்ளை ஏறும் முன்பே சாய்த்துவையுங்கள். ஏறியபின் சாய்த்தால் விழுவதாக மிரளும். விளக்கு கண்ணில் அடிக்கும், ஒரு கறுப்புக் கண்ணாடி வைத்திருங்கள். கிராம்புத் தைல மருந்தின் வாடை, எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தம் இரண்டையும் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது போர்த்தும் ஈய ஏப்ரனை மார்பில் போர்த்தினால் அதன் கனமே சில பிள்ளைகளை அமைதியாக்கும். வாயைத் திறக்கலாமா என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் பதில் வரும். வாயைத் திற, ஐந்து எண்ணுவேன், மூடலாம் என்று சொல்லுங்கள். வலிக்காது என்று சொன்னால் அதில் வலி என்பதுதான் காதில் விழும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அடம்பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன் என்று வீட்டில் மிரட்டாதீர்கள். இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

எல்லாச் சொத்தைக்கும் டிரில் தேவையில்லை என்பது பலருக்கும் தெரியாத செய்தி. சில்வர் டையமைன் ஃபுளூரைடு என்ற மருந்து 38 சதவீதக் கரைசலாக வருகிறது. பல்லைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, ஒரு சொட்டைச் சின்னத் தூரிகையில் தொட்டுச் சொத்தைக்குழியில் ஒரு நிமிடம் தடவினால் பெரும்பாலான குழிகள் மேலே பரவாமல் இறுகி நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். ஊசியில்லை, இரைச்சலில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்று உண்டு: தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்றால் பெற்றோரிடம் படம் காட்டி முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால் சண்டைதான். உதட்டில் பட்டால் சில நாள் கறை இருக்கும், அதனால் முதலில் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சீழ் வைத்த பல்லுக்கும், சொத்தை நரம்பைத் தொட்டு வலி கண்ட பல்லுக்கும், வெள்ளி ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் இது ஆகாது. சொத்தை வரும் முன்பே 5 சதவீத சோடியம் ஃபுளூரைடு வார்னிஷை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசுவது இன்னும் நல்லது. ஒரு நிமிட வேலை. பால் கடைவாய்ப்பல்லில் சொத்தையைத் தோண்டாமலே ஆயத்த எஃகு உறையைச் சிமெண்டு வைத்துப் பொருத்தி மூடும் முறையும் உண்டு. ஸ்காட்லாந்தில் தொடங்கியது, ஹால் முறை என்று பெயர். அதற்கும் ஊசி வேண்டாம்.

மரப்பு ஊசி போட்டேயாக வேண்டும் என்றால் வீட்டுக்குப் போனபின் இரண்டு மூன்று மணி நேரம் கண்ணெடுக்காமல் இருங்கள். மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்வது இந்தப் பிள்ளைகளிடம் சகஜம். வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் மருந்துச் சீட்டைக் காட்டாமல் பல் எடுக்கக் கூடாது. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சிலருக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். ஃபெனிட்டாய்ன் என்ற இன்னொன்று ஈறை வளரவைத்துப் பல்லை மூடும்.

பல பற்கள் கெட்டு, எந்த வழியிலும் வாய் திறக்காத பிள்ளைக்கு முழு மயக்கத்தில் சிகிச்சை செய்வதே கருணை. அப்படிச் செய்தால் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்: எக்ஸ்ரே, அடைப்பு, உறை, பிடுங்கல், சுத்தம், வார்னிஷ். விழித்திருக்கும்போது எடுக்கமுடியாத ரத்தப் பரிசோதனையையும் காதுப் பரிசோதனையையும் நகம் வெட்டுவதையும்கூட அப்போதே முடித்துக்கொள்ளலாம்; முன்கூட்டியே கேட்க வேண்டும். மயக்கத்துக்கு முன் திட உணவு ஆறு மணி நேரமும் தண்ணீர் இரண்டு மணி நேரமும் கூடாது. பசி தாங்காத பிள்ளைக்கு இது பெரும் சோதனை என்பதால் காலை முதல் அறுவையாகக் கேட்டு வாங்குங்கள். அண்ணன் தம்பி கண்ணெதிரே சாப்பிடக் கூடாது. சட்டைப்பையிலும் வண்டி சீட்டிலும் பிஸ்கட் துண்டு கிடக்கிறதா என்று துழாவுங்கள். வீட்டில் தேய்க்கும் பழக்கம் தொடங்காமல் மயக்கத்தில் எல்லாம் சரிசெய்துகொண்டு வந்தால், ஓரிரு வருடத்தில் மறுபடி அதே மேஜைக்குப் போக வேண்டிவரும்.

இனி மாவட்ட நிர்வாகத்துக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 25, மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. ஆட்டிசமும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. வாரத்தில் ஒரு காலை, ஆசாரிப்பள்ளம், தக்கலை, குழித்துறை மருத்துவமனைகளின் பல் மருத்துவப் பிரிவில் புறநோயாளிகள் வரும் முதல் ஒரு மணி நேரத்தை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை. புதுக் கட்டடமும் புது இயந்திரமும் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரே மருத்துவர் இருப்பதும், மேலே சொன்ன கரைசலும் வார்னிஷும் இருப்பில் இருப்பதும் போதும்.

ஆர்.பி.எஸ்.கே. சிறார் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது, ஆட்டிசமும் இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் குழுக்கள் வருகின்றன. ஆட்டிசம் என்று குறித்த பிள்ளையின் வாயையும் டார்ச் அடித்துப் பார்த்து, மேற்படி காலைக்கே சீட்டு எழுதி அனுப்பலாம். வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் பிள்ளைக்குப் பிள்ளை எழுதும் தனிப் பயிற்சித் திட்டத்தில் சட்டைப் பொத்தான் போடுவதும் கை கழுவுவதும் இடம்பெறுகின்றன; பல் தேய்ப்பதையும் படிப்படியாக அதில் சேர்க்க வேண்டும். குலசேகரம் கல்லூரியின் பயிற்சி மருத்துவர்கள் மாதம் ஒரு நாள் சிறப்புப் பள்ளிகளுக்கு வந்து, எந்தக் கருவியும் இல்லாமல் வெறுமனே பல் எண்ணிவிட்டுப் போனால்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளை அங்கி பழகும், பயிற்சி மருத்துவர்களுக்குப் பிள்ளைகள் பழகும்.

பெற்றோருக்கு ஒரு தகவல்: மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீடு ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பொருந்தும், அதன் புறநோயாளிச் செலவுகளில் தடுப்புப் பல் மருத்துவமும் அடக்கம். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையோடு ஒரு தாளும் கொண்டுபோங்கள். பிள்ளை எடுக்கும் மருந்துகள், வலிப்பு உண்டா, எந்தச் சத்தம் ஆகாது, எங்கே தொட்டால் மிரளும், எதைக் கொடுத்தால் அமைதியாகும், ஆம் என்பதையும் வேண்டாம் என்பதையும் எப்படிக் காட்டும் என்று அதில் எழுதியிருந்தால் மருத்துவருக்குக் கால் மணி நேரம் மிச்சம்.

எந்தக் கிழமை, எந்த மருத்துவமனை என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தால், பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் தகவல் சொல்லி, ஒரு மணி நேரத்துக்கு நாலு பிள்ளைகள் வீதம் முறைவைத்து அனுப்பும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறப்புக் குழந்தைகளோடு பணியாற்றும் பல் மருத்துவர்கள், ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், சிறப்பாசிரியர்கள்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.